விளிம்பில் ஏன் இத்தனை வேகம்?

சிட்னியின் லிட்கமிலிருந்து மேற்கே, வீதிவழியாகச் சுமார் 350 கிலோமீற்றரில் பார்க்ஸ். அங்கே 64 மீற்றர் அகல வானொலித் தொலைநோக்கி நிற்கிறது.

புதன் சூரியனைச் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது; தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு வேகம் 5 தான். திணிவு நடுவில் குவிந்திருப்பதே காரணம். விண்மீன் மண்டலங்களும் ஒளி மங்கும் விளிம்பில் அப்படித்தானே தளர வேண்டும்?

என்.ஜி.சி. 300 மண்டலத்தின் ஐதரசன் வீசும் 21 சென்ரிமீற்றர் அலைகளைப் பார்க்ஸ் அளந்தது. அலை நீள்வதும் குறுகுவதும் வாயுவின் வேகத்தைக் காட்டிவிடும். 1970இல் கான்பராவின் கென் ஃப்ரீமன் கணக்கிட்டபோது, சுழற்சி வேகம் எதிர்பார்த்த இடத்தையும் தாண்டி வெளியே போய்த்தான் உச்சம் தொட்டது. அளவீடு சரியென்றால், தெரியும் பொருளுக்குக் குறையாத திணிவு அங்கே தெரியாமல் இருக்கவேண்டும் என்று எழுதினார், அதுவும் கட்டுரையின் பின்னிணைப்பில்! எத்தனை பெரிய செய்தி அது.

கரும்பொருள் எனப்படும் அந்தத் தெரியாத திணிவின் துகள்களைத் தேட, விக்ரோரியாவின் ஸ்டாவெல் தங்கச் சுரங்கத்தில் ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் ஆய்வுகூடம் அமைத்திருக்கிறார்கள்.