பின்னிருக்கை இல்லாத கார்

2020-ஆம் ஆண்டில் ஜெனீவாக் கண்காட்சியில் வைக்கப்பெறுவதாயிருந்த ‘வேகா’ என்னும் கார் இலங்கையர் வடித்தது. பெட்ரோலின்றி மின்சாரத்தால் ஓடுவது. பெருந்தொற்றால் அக்கண்காட்சியே நடைபெறவில்லை. ஆயினும், அக்காரின் படம் மஹய்யாவ இளைஞரிடையே பெரும் வழக்கொன்றை மூட்டிவிட்டது.

தாழ்ந்து படிந்த அதன் மேனியைப் புகழாதார் இலர். பூசல் ஓசையைப் பற்றியது. நுவரெலியாவில் 1934-இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில், வளைவுக்கு அப்பால் எழும் முழக்கத்தைக் கொண்டே இன்ன வண்டியெனக் கூறவல்லார் உளர். அன்னார்க்கு ஓசையற்ற வேகம் உப்பிலாப் பண்டம். மற்றொருவனோ, “இருவர்க்கே இருக்கை; அம்மாவை எங்கே இருத்துவது?” என்றான். நான்கு கதவுடைய காராக அதனைச் செய்திருக்க வேண்டுமென்பது அவன் கட்சி. எனக்கும் அதுவே உடன்பாடு.

2020 மார்ச்சு முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கார் இறக்குமதியே தடைப்பட்டிருந்த நாட்டில், பழைய கார் வாங்கவும் வகையற்றோர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கென்று நகைப்பாரும் உளர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும்போது, சக்கரத்தையும் சிற்பத்தையும் சுட்டிக் குறைநிறை கூறுவோர் அவற்றை விலைக்குக் கேட்டா பேசுகின்றனர்?

அம்மாவைப் பற்றிக் கேட்டவன் இப்பொழுது கொப்பித் தாளில் வேகாவுக்குப் பின்னிருக்கை வரைந்துகொண்டிருக்கிறான். கூரை சற்றே உயர்ந்துவிட்டதென்று நண்பர்க்கு மனக்குறை.