பிசானப் பருவமும் உண்ணிக் காய்ச்சலும்

தென்காசி வட்டாரத்தில் சிற்றாற்றுப் பாசனமுள்ள நன்செய்களில் கார் அறுவடை முடிந்து பிசான நடவு தொடங்கும் காலத்தில், மழையின் மிகுதியால் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் புல்லும் செடியும் மண்டி வளர்கின்றன. மாடுகளுக்கு அது நல்ல தீவனமே. எனினும் ஐப்பசி முதல் மாசி வரையுள்ள இக்குளிர்ந்த மாதங்களிலேதான் தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் அதிகமாகக் காண்கிறது என்பதைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் மனத்திற் கொள்ளவேண்டும். மேல்நாட்டு வைத்தியர்கள் இதனை ஸ்க்ரப் டைபஸ் என்பர்.

பெயரைக் கேட்டவுடன் மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணியே காரணம் என்று கருதுவோர் பலர். அது சரியன்று. அமெரிக்காவில் லைம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் நோய் அத்தகைய பெரிய உண்ணியால் வருவது. கடிவாயைச் சுற்றி வட்டமாகச் செந்தடிப்புப் பரவுவது அதன் அடையாளம். பத்திரிகைகளில் அதைப் படித்துவிட்டு இங்கும் அதையே தேடுவதைவிட, காலடியில் இருப்பதை அறிந்துகொள்வது மேல். இங்குள்ள காய்ச்சலைப் பரப்புவது கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவப் புழு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கே அதன் அளவு. முதல் மழைக்குப் பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி இதற்குத் தூரத்து உறவு. ஆனால் அதனால் தீங்கொன்றுமில்லை.

இச்சிற்றுண்ணி வயலெலிகளின் உடலில் ஒட்டிப் பிழைப்பது. நோய்க்கிருமி தாயினிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குச் செல்கிறது. புல்நுனியில் காத்திருக்கும் குஞ்சு, அவ்வழிச் செல்வோரின் ஆடையில் ஏறி, துணி இறுகியுள்ள இடத்தை அடைந்து கடிக்கும்; கடித்தது தெரிவதில்லை. குற்றாலத்து மலைக்காட்டிற்குச் செல்வோர்க்கே இவ்வபாயம் உண்டென்பது தவறான எண்ணம். வரப்பும், வேலியோரமும், வீட்டுப் பின்புறத்து விறகுக் குவியலும் இதற்குப் போதும். அருவி நீராட்டத்தால் இது வருவதில்லை. நீராடியபின் புல்தரையில் படுத்து இளைப்பாறுவதாலே வரக்கூடும்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அயல்நாட்டு ஆராய்ச்சியாளருடன் கூடித் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 மக்களைக் கவனித்து, அதன் முடிவை 2025-இல் வெளியிட்டனர். ஆண்டுதோறும் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்க்கு இக்கிருமி தொற்றுவதாக அதிற் கண்டது. அவர்களிற் பெரும்பாலோர்க்கு நோயே தோன்றுவதில்லை. தோன்றியவர்க்கோ அது அற்பமானதன்று.

கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும், தலைவலியும், உடல்வலியும் காண்கின்றன. சிலர்க்கு இருமலும் வாந்தியும் சேரும். அதற்குள் புல்லறுத்த நாள் மறந்துபோகிறது. ஆனால் உடல் மறப்பதில்லை. கடிவாயில் பீடி நெருப்பாற் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றும். அது வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. ஆகவே நோயாளியே அறியார். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பிற் புடவையோ அரைஞாணோ இறுகுமிடம், மார்பின் கீழ்ப்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். பெண்கள் கூச்சத்தால் வைத்தியரிடம் காட்டாது விடுவதுண்டு. வீட்டிலுள்ள மூத்த பெண்டிர் விளக்கொளியில் பார்த்துச் சொல்வது ஓர் உயிரைக் காக்கும். எல்லோர்க்கும் பொருக்குக் காண்பதில்லை. ஆகையால் அது இல்லையென்று காய்ச்சலை அலட்சியம் செய்தலாகாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் எண்ணற்ற சிப்பாய்கள் இக்காய்ச்சலால் வீழ்ந்தனர். அக்காலத்தில் தக்க மருந்தில்லை. 1948-இல் மலாயாவில் குளோராம்பெனிகால் பயன் தருவதாகக் கண்டறியப்பட்டது. இப்போது பெரியவர்களுக்கு டாக்ஸிஸைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை, நாளொன்றுக்கு இருவேளை, 7 நாட்கள் கொடுப்பது வழக்கம், கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைஸின். தக்க காலத்திற் கொடுத்தால் இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியக் காணலாம். கடையில் வாங்கும் அமாக்ஸிஸிலின் போன்றவை இக்கிருமியைத் தொடுவதில்லை. அவற்றை விழுங்கி ஒரு வாரம் வீணாக்கியபின், நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்ட நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவோரே பெரிதும் இறக்கின்றனர். மருந்து மலிவானது, தாமதமே விலையுயர்ந்தது.

தடுப்பு ஊசி எதுவும் இதற்கில்லை. புல்லறுப்போரும் களையெடுப்போரும் முழுக்கைச் சட்டை அணிவதும், கஞ்சி குடிக்க வரப்பிற் குந்தாமல் சாக்கையோ பாயையோ விரித்தமர்வதும், டீட் கலந்த பூச்சிவிரட்டித் தைலம் பூசுவதும் நலம். வீடு திரும்பியதும் சோப்பிட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் அலசவேண்டும். அதே துணியுடன் உறங்கலாகாது. வேலையாட்களுக்கு இவ்வசதிகளைச் செய்துதருவது நிலச்சொந்தக்காரர் பொறுப்பு.

எலி ஒழிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. எலிகளை மட்டும் கொன்று புதரை விட்டுவைத்தால், பசித்த சிற்றுண்ணிகள் மனிதரை நாடும். ஆதலால் முதலில் புதரை வெட்டி நிலத்தில் வெயில் படச் செய்து, பின்பே எலிகளை ஒழிக்கவேண்டும். வயலுக்குச் செல்லும் பாதைகளையும் பள்ளிக்கூட வளாகங்களையும் ஐப்பசிக்கு முன்பே துப்புரவு செய்வித்தல் கிராம அதிகாரிகள் கடமை. ஒரே தெருவில் இருவர் மூவர் காய்ச்சலுற்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அன்றே தெரிவிக்கவேண்டும். நோயாளியை அழைத்துச் செல்பவர், காய்ச்சல் தொடங்கிய நாளோடு, அதற்கு முந்திய மூன்று வாரங்களில் அவர் எந்த வயலில் என்ன வேலை செய்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.