கோ-கார்ட் வாங்குமுன்

கோடை விடுமுறை நெருங்கும் நாட்களில் எமது கொல்கத்தா கிளைக்கு வரும் கடன் விசாரணைகளில் மோட்டார் சைக்கிளும் மடிக்கணினியுமே மிகுதி. அண்மையில் லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர், தம் 11 வயது மகனுக்குக் கோ-கார்ட் வாங்க வாகனக் கடன் கிடைக்குமா என்று கேட்டனர். கிடைக்காது என்று ஒரே சொல்லில் விடையளித்திருக்கலாம். ஆயினும் காரணம் அறிய விரும்பும் வாடிக்கையாளர்கள் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

வாகனக் கடன் என்பது பதிவுச் சான்றிதழை நம்பி வழங்கப்படுவது. கடன் தீரும் வரை அச்சான்றிதழில் வங்கியின் பெயரும் இடம்பெற்றிருக்கும். சாலையில் ஓடுவதற்கென அமைந்த வண்டியையே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனம் என்கிறது. அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும் தனிவகை வண்டிகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. விளக்கோ, அதிர்வுதாங்கியோ, எண் பலகையோ இல்லாத கோ-கார்ட்டுக்குப் பதிவு கிடையாது. எனவே வங்கி தன் பெயரைப் பொறிக்க இடமும் இல்லை. எஞ்சுபவை தனிநபர்க் கடன், நகைக் கடன், சொந்தச் சேமிப்பு ஆகியவையே. விளையாட்டுக்காக வாங்கும் பொருளுக்குத் தனிநபர்க் கடனின் வட்டியைச் சுமப்பதைவிட, ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்கிக் காத்திருப்பது நல்லது என்பதே எமது கருத்து. அந்த ஓராண்டில் பையனின் ஆர்வம் நிலைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

1956இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், குழாய்ச் சட்டம் ஒன்றில் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டியதே இவ்வண்டியின் தொடக்கம். கொல்கத்தாவுக்குப் பந்தயம் புதிதன்று. சென்னைக்கருகே சோழவரத்தில் நடந்ததுபோல, இங்கே பாரக்பூர் விமானத்தள ஓடுபாதையிலும் ஒரு காலத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்தன. ஆனால் கார்ட் பந்தயத்தின் நடப்பு மையங்கள் தெற்கிலும் மேற்கிலும் உள்ளன: கோவை செட்டிப்பாளையத்தில் எஸ். கரிவரதனின் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, பெங்களூரு, கோலாப்பூர். கொல்கத்தாவில் வாங்குபவர் முதலில் எண்ணவேண்டியது இந்தத் தொலைவைத்தான். வண்டி விலையை ஒருமுறை கொடுத்தால் போதும். ரயில் கட்டணம், விடுதிச் செலவு, சரக்குக் கட்டணம் ஆகியவை ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். ஆகவே பந்தயமே நோக்கமானால், ஓடுதளத்திலேயே வண்டியை வைத்துப் பராமரித்து வாடகைக்கு அளிக்கும் அணிகளை அணுகுவதே முதற்படி. ஒரு பருவம் அவ்வாறு ஓட்டிய பின்னரே சொந்த வண்டியைப் பற்றிப் பேசலாம். போட்டியிட, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமமும் வேண்டும்.

கேளிக்கை மையங்களில் ஓடுபவை வேறு, பந்தயத்தில் ஓடுபவை வேறு. முன்னவற்றில் பெரும்பாலும் 200 சிசி அளவிலான ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கும். அது நீர் இறைக்கும் பம்புகளையும் சிறு ஜெனரேட்டர்களையும் இயக்கும் இனத்தைச் சேர்ந்ததாகையால், பழுதுபார்க்கத் தெரிந்தவர் எங்கும் கிடைப்பார். பந்தய வண்டிகளில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நம் நாட்டில் நன்கு அறிமுகமானது. சிறுவர் பிரிவில் சுமார் 8 குதிரைத்திறனுக்குக் கட்டுப்படுத்தப்படும் அதே அடிப்படை எஞ்சின், உரிய பாகங்களை மாற்றினால் பெரியவர் பிரிவில் சுமார் 30 குதிரைத்திறன் தரும். பிள்ளை வளர வளர எஞ்சினை உடன் வளர்க்கலாம் என்பது சிக்கனக்காரருக்கு உவப்பான செய்தி. சட்டகம் அவ்வாறன்று. சிறுவருக்கானதில் முன் பின் சக்கரங்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். பெரியவருக்கானதில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறிய சட்டகத்தை விற்றாக வேண்டும்.

இந்தக் காரணத்தாலேயே பழைய வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. வண்ணப் பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம்; வண்டியைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். அதிர்வுதாங்கி இல்லாத இவ்வண்டியில் குழாய்ச் சட்டமே வளைந்து கொடுத்துத் திருப்பங்களில் உதவுகிறது. தரையில் உரசித் தேய்ந்த குழாயும், பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசலும் இருந்தால் அவ்வண்டி பாதுகாப்பானதன்று. பின்புற அச்சைச் சுழற்றி, அது ஆடுகிறதா என்று கவனியுங்கள். ரோட்டாக்ஸ் எஞ்சினாயின் முத்திரையும் பராமரிப்புப் பதிவேடும் இருக்கவேண்டும். ஓடிய மணிநேரம் அதில் தெரியும். கொல்கத்தாவின் மழைக்கால ஈரக்காற்றில் அச்சும் சங்கிலியும் துருப்பிடிப்பது விரைவு. மல்லிக் பஜாரின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப்பிடிக்கலாம் என்னும் துணிவு இருக்கலாம். பேரிங், போல்ட் போன்றவற்றுக்கு அது பொருந்தும், அச்சுக்கும் பிரேக்குக்கும் பொருந்தாது.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020இல் ஹைதராபாத்திலும், கோ-கார்ட்டில் அமர்ந்திருந்த பெண்களின் தலைமுடி சுழலும் பாகத்தில் சிக்கியதால் உயிரிழப்பு நேர்ந்தது. இரண்டும் கேளிக்கை மையங்களில் நடந்தவை. இருக்கைக்குப் பின்னாலேயே அச்சும் சங்கிலியும் சுழல்வதால், நீண்ட முடி, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. முடியை முடிந்து தலைக்கவசத்துள் அடக்குவதோடு, அச்சுக்கும் சங்கிலிக்கும் மூடி இருப்பதையும் உறுதி செய்யுங்கள். முழுமுகத் தலைக்கவசம், கழுத்துப் பட்டை, விலாக் கவசம், கையுறை ஆகியவற்றின் விலையை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடு இருப்பதாகத் தைரியம் கொள்வோரும் உண்டு. பந்தயத்தால் நேரும் காயங்களைப் பல காப்பீடுகள் விலக்கிவைக்கின்றன. விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு வண்டியில் ஏறுவது நலம்.

பணம் செலுத்தும் முறையும் கவனத்துக்குரியது. பதிவுச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு விலைப்பட்டியலே உரிமைச் சான்று. சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் அதில் இடம்பெறச் செய்யுங்கள். பழைய வண்டியாயின் அவ்விரு எண்களுடன் விற்பவரிடம் கையெழுத்திட்ட கடிதம் பெறுங்கள். படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் கேட்பவருக்கு, வண்டியை நேரில் காணும் முன் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். பின்னாளில் நீங்கள் விற்கும்போதும் எச்சரிக்கை தேவை: பணம் பெறுவதற்குக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை இடவோ அவசியமே இல்லை. அவ்வாறு கேட்பவர் உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க முயல்கிறார். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.