ஒரே குச்சியில் கேம்ப் ஃபயர்!

ஒரு முழுத் தீப்பெட்டியை வீணாக்கிய கதை ஒன்று சொல்லட்டுமா?

அப்போது நான் ஏழாம் வகுப்பு. தென்காசிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எங்கள் சாரணர் படைக்கு இரண்டு நாள் முகாம். ஜூலை மாதம் என்பதால் காலையிலிருந்தே சாரல். மாலையில் சாரல் நின்றதும், "கேம்ப் ஃபயருக்கு விறகு அடுக்குங்கடா" என்றார் சார். இதற்காகத்தானே காத்திருந்தோம்! 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே, இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்களாம். எங்களிடமும் பாட்டு, நாடகம், விடுகதை எல்லாம் தயார். நெருப்புதான் தயாராக இல்லை.

குச்சி குச்சியாகக் கிழித்தோம். செய்தித்தாளைக் கசக்கிச் செருகினோம். தாள் 'பக்'கென்று எரிந்து, கறுத்துச் சுருண்டு அடங்கியது. விறகில் வெறும் புகை. எல்லார் கண்ணிலும் தண்ணீர். தீப்பெட்டி காலி!

பொறுமை இழந்த ஒரு பெரிய அண்ணன், சமையல் கொட்டகையிலிருந்து மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிவந்தான். சார் ஓடிப்போய்ப் பிடுங்கினார். அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. "அடியில ஒரு கங்கு இருந்தாப் போதும்டா! ஊத்துற எண்ணெய் ஆவியாகி, குப்புனு பிடிச்சு, உன் கையில இருக்கிற கேன் வரைக்கும் வந்துரும்!"

அப்போதுதான் சமையல்கார அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி. இன்னொரு கையில் பன்னாடை. பன்னாடை தெரியும்தானே? தென்னை மட்டையின் அடியில் வலை மாதிரிச் சுற்றியிருக்குமே, அதுதான். அடுப்போரத்தில் கிடந்து மொறமொறவென்று காய்ந்திருந்தது. அதைச் சுருட்டி, அதன்மேல் மெழுகைச் சொட்டுச் சொட்டாக உருக்கி விட்டார். விறகுக்கு அடியில் வைத்து, ஒரு குச்சி கிழித்தார். ஒரே குச்சி! பன்னாடை நிதானமாக எரிந்தது... எரிந்துகொண்டே இருந்தது. முதலில் சுள்ளி பிடித்தது, அப்புறம் குச்சி, அப்புறம் கட்டை. பத்து நிமிடத்தில் எங்கள் நாடகம் ஆரம்பம்!

அது என்ன மாயம்? மாயம் இல்லை, அறிவியல். ஈர விறகு எரிய வேண்டுமென்றால், முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். தாளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. கற்பூரம் சட்டென்று பிடிக்கும். ஆனால் சின்ன வில்லை சீக்கிரம் தீர்ந்துவிடும். மெழுகுக் கட்டியோ, நெருப்பைக் காட்டினால் உருகுமே தவிர, லேசில் பற்றாது. மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியானால்தான் எரியும். நாம் பார்க்கும் சுடர், அந்த ஆவி எரிவதுதான்!

1860-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். ஆறும் மெழுகுவர்த்தியைப் பற்றித்தான்! அவர் காட்டிய வேடிக்கை ஒன்றை, அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும்போது செய்து காட்டச் சொல்லுங்கள். எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வெள்ளையாகப் புகை கிளம்பும். உடனே அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு புகை வழியே 'டக்'கென்று தாவி, திரியைப் பற்றிக்கொள்ளும்!

அண்ணாச்சியின் பன்னாடையில் ஒவ்வொரு நாரும் ஒரு திரி. அவ்வளவுதான் ரகசியம்.

மறுவாரம் சார் எங்களுக்கு வேறொரு வகையைக் கற்றுத்தந்தார். கடையில் முட்டை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தச் சாம்பல் நிற அட்டை ஒன்று வாங்கி வாருங்கள். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம். தச்சுப் பட்டறையில் மரத்தூளும், இழைப்புளியில் சீவும்போது விழும் சுருளும் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். பிளைவுட் தூளில் பசை கலந்திருக்கும், அது வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் மெழுகுவர்த்தித் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தூளை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, அட்டைக் குழிகளில் முக்கால்வாசி நிரப்புங்கள். இதுவரை உங்கள் வேலை.

மெழுகு உருக்குவது பெரியவர்கள் வேலை. பழைய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு தகர டப்பாவை வைத்து, அதில் மெழுகைப் போட வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. மெழுகு உருக 60 டிகிரி போல் இருந்தாலே போதும். டப்பாவை நேரே அடுப்பில் வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போய், மெழுகே தீப்பிடித்துவிடும்! தப்பித் தவறி அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரிகிற மெழுகு நாலாபுறமும் தெறிக்கும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூட வேண்டும்.

உருகிய மெழுகை மரத்தூள் நனையும் அளவுக்கு ஊற்றி, ஒருமணி நேரம் ஆறவிட்டு, குழி குழியாக வெட்டினால் தயார். பழைய தகர டப்பாவில் போட்டு வையுங்கள். மெழுகு இருப்பதால் சாரலில் சட்டென்று ஊறிப்போகாது. பற்றவைக்கும்போது அட்டையின் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் போதும். அட்டை பிடிக்கும், அது மெழுகை உருக்கும், மரத்தூள் திரியாக வேலை செய்யும். மேலே முதலில் ஈர்க்குச்சி மொத்தத்தில் சுள்ளி, பிறகு பென்சில் மொத்தம், கடைசியில் கட்டை. நெருக்கி அடுக்காதீர்கள், காற்றுக்கு வழி வேண்டும். எங்கள் முதல் தவறே அதுதான். ஆர்வத்தில் கட்டையை முதலில் வைத்துவிட்டோம்!

எங்கே மூட்டலாம்? பெரியவர்கள் கூடவே இருக்க, பள்ளி மைதானத்திலோ தோப்பிலோ, சருகைக் கூட்டித் தள்ளிய வெறுந்தரையில் மூட்டலாம். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் கட்டாயம். காட்டில் கூடவே கூடாது. காப்புக் காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில், மலையேற்றம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்துவிட்டால், நெருப்பு மேட்டை நோக்கி நம்மைவிட வேகமாக ஏறும்.

அணைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்களில் பலர் மண்ணை அள்ளிப் போட்டால் போதும் என்று நினைத்தோம். சார் குச்சியால் மண்ணைக் கிளறிக் காட்டினார். உள்ளே கங்கு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது! தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே சற்று உயரத்தில் புறங்கையைக் காட்டிச் சூடே இல்லை என்று பார்த்த பிறகுதான் எங்களைத் தூங்க விட்டார்.

அடுத்த வருட முகாமுக்கு முப்பது குழி செய்து கொண்டுபோனோம். பார்த்தால், அந்த வருடம் சொட்டு மழை இல்லை! ஒன்றே ஒன்றுதான் செலவானது. மிச்சம் இருபத்தொன்பதையும் அண்ணாச்சி வாங்கி, அடுப்படியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "காலையில இட்லிக்கு அடுப்புப் பத்தவைக்க ஆகும்லா தம்பி!"