அட்டைக்கு எத்தனை வோல்ட்?

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை என்று சொன்னால், கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள நம் பெரியவர்கள் உடனே கேட்பது, "சாஃப்ட்வேரா தம்பி, ஹார்ட்வேரா?" என்பதுதான். என் வேலை இரண்டுக்கும் நடுவில் உள்ளது. எழுதுவது என்னவோ சாஃப்ட்வேர்தான். ஆனால் ஓர் எண் பிசகினால் திரையில் பிழைச்செய்தி வராது, பலகையிலிருந்து புகைதான் வரும். அந்த வேலையில் ஒரு சிறு பகுதியை நம் சங்கக் குடும்பங்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

சிறிய கருவிகளில் கூடுதல் வசதிக்காகச் சொருகும் அட்டைகளுக்கு 1990-இல் ஒரு பொது விதி வந்தது. பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்று பெயர், 68 முனைகள் கொண்ட சாக்கெட். மோடம், நினைவகம், வலையமைப்பு எல்லாம் சீட்டுக்கட்டு அளவிலான அட்டைகளாக வந்தன. 1994-இல் சான்டிஸ்க் நிறுவனம் கொண்டுவந்த காம்பாக்ட் ஃப்ளாஷ் அதன் தம்பி. அதில் 50 முனைகள். பழைய கேமராக்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

முதலில் வந்த அட்டைகள் 5 வோல்ட்டில் ஓடின. பிறகு மின்சாரத்தை மிச்சப்படுத்த 3.3 வோல்ட் அட்டைகள் வந்தன. இங்கேதான் வம்பு. 5 வோல்ட் அட்டைக்கு 3.3 கொடுத்தால் பெரும்பாலும் அது வேலை செய்யாது, அவ்வளவுதான். 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆன அட்டைக்கு 5 கொடுத்தாலோ, அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டுவந்த 110 வோல்ட் மிக்ஸியை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் சொருகின கதைதான்.

அப்படியானால் எந்த அட்டை எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அட்டையே சொல்ல வேண்டும். ஆனால் தன்னைப் பற்றிய விவரத்தை அது நினைவகத்தில்தான் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்க மின்சாரம் வேண்டும். ஆகவே சாக்கெட்டில் இரண்டு முனைகளை இதற்கென்றே ஒதுக்கினார்கள்: வி.எஸ்.1, வி.எஸ்.2. 3.3 வோல்ட் தாங்கும் அட்டை முதல் முனையைப் பூமி இணைப்போடு சேர்த்து வைத்திருக்கும். பழைய 5 வோல்ட் அட்டை இரண்டையும் சும்மா விட்டிருக்கும். இரண்டும் மௌனமாக இருந்தால் 5 வோல்ட் என்று பொருள். மௌனம் சம்மதம் என்பார்களே, அதேதான்!

லினக்ஸில் இந்த அட்டைகளுக்கான ஆதரவை முதலில் எழுதியவர் டேவிட் ஹைண்ட்ஸ். அட்டை செருகப்பட்டதும் பொதுவான பகுதி அந்த இரு முனைகளின் நிலையைக் கேட்கும், 3.3 என்று பதில் வந்தால் 33 என்றும், இல்லாவிட்டால் 50 என்றும் குறித்துக்கொள்ளும். கர்னலுக்குள் தசமப் புள்ளி ஆகாது, அதனால் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. அந்த எண்ணை வாங்கி, குறிப்பிட்ட பலகையில் உண்மையான மின்சாரத்தைத் திறந்துவிடுவதுதான் எங்களைப் போன்றவர்கள் எழுதும் டிரைவர். 0, 33, 50 என்று மூன்றே மூன்று வழிகள். இதற்கு என்ன பெரிய படிப்பு என்று தோன்றும்.

முனைகள் மௌனமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலகை வரைந்தவர் இடமோ செலவோ பார்த்து அந்தக் கம்பிகளை இழுக்காமலே விட்டிருப்பார். அப்போது டிரைவர் எழுதுபவர் 'எதுவும் தெரியவில்லை' என்று அப்படியே மேலே அனுப்பினால், மேலே உள்ளவர் அதை 5 வோல்ட் என்று படிப்பார். பேசாத அட்டை வேறு, கேட்காத காது வேறு. அந்த வித்தியாசம் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பொதுப் பகுதிக்குத் தெரிய வழியே இல்லை.

இதை ஒழுங்காகச் செய்த ஓர் உதாரணம், இன்டெல்லின் அசபெட் என்ற சோதனைப் பலகை. (அது மாசசூசெட்ஸில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர்.) அதில் இருந்த ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்.ஏ.1110 சில்லுதான் பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டரிலும் இருந்தது. அசபெட்டின் காம்பாக்ட் ஃப்ளாஷ் சாக்கெட்டில் 3.3 மட்டும்தான் தர முடியும். ஆகவே அதன் டிரைவர், எந்த அட்டை வந்தாலும் '3.3 வோல்ட்' என்றே மேலே சொல்லிவிடும். அதையும் மீறி யாராவது 5 கேட்டால், 5 கேட்டார்கள், 3.3 தருகிறேன் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு 3.3 தரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சத்தமில்லாமல் குறைத்துக் கொடுத்திருந்தால், பின்னால் வருபவன் அட்டை ஏன் ஓடவில்லை என்று மாதக்கணக்கில் தேடுவான்.

லபக் என்ற பலகையின் கதை இன்னும் சுவாரசியம். 2002-இல் வந்த பி.எக்ஸ்.ஏ.250 சில்லுக்காக இன்டெல் செய்தது. அதில் அறியும் முனைகள் இருந்தன. ஆனால் சாக்கெட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போன பிறகுதான் அவற்றைச் சரியாகப் படிக்க முடியும். எத்தனை வோல்ட் என்று தெரிந்தால்தான் மின்சாரம் தரலாம். மின்சாரம் தந்தால்தான் எத்தனை வோல்ட் என்று தெரியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்!

எழுதியவர்கள் கண்ட வழி இது. குறைந்ததை, அதாவது 3.3 வோல்ட்டை முதலில் கொடு. மாக்ஸ்1602 என்ற மின்வழங்கிச் சில்லு முழு அளவுக்கு ஏற சுமார் 2.5 மில்லிசெகண்ட் ஆகும்; ஆகவே 3 மில்லிசெகண்ட் பொறு. மறுபடி முனைகளைப் படி. உண்மையில் 5 வோல்ட் அட்டை என்று தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்து. முழுதாக இறங்க 100 மில்லிசெகண்ட் காத்திரு. எண்ணை 50 என்று மாற்றி முதலிலிருந்து ஆரம்பி. அந்த எண்ணோ, இந்த இடத்தில் மாற்றக்கூடாது என்று மொழியின் விதியே பூட்டிவைத்தது. பூட்டை உடைத்துத்தான் மாற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே, இதைப் படித்துக் குமட்டினால் விமானத்தில் தருவதுபோல முன் இருக்கைப் பையில் வாந்தி எடுக்கும் உறை இருக்கிறது என்று ஒரு கேலிக் குறிப்பும் எழுதியிருந்தார்கள். அசிங்கமான வேலை என்று எழுதியவர்களுக்கே தெரியும். ஆனால் அட்டை கருகாது.

இதையெல்லாம் எங்களால் படிக்க முடிந்தது நிரல் திறந்து கிடந்ததால்தான். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான். எங்களுக்கு அது கொள்கை என்பதைவிட அன்றாடச் சோறு. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்துபோகும் புதுப் பையன்களுக்கு நான் முதலில் காட்டியது இந்த இரண்டு கோப்புகளைத்தான். அதன் பிறகு செய்முறை: சாக்கெட்டில் அட்டை எதுவும் வேண்டாம். டிரைவரில் 0, 33, 50 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, மல்டிமீட்டர் வைத்து அளந்து, நோட்டில் எழுது. 50-லிருந்து 0-வுக்குப் போகும்போது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்றும் பார். அட்டையெல்லாம் மறுநாள்தான். அப்போது ஓர் அட்டை ஆயிரக்கணக்கில் விலை. வாடிக்கையாளர் அனுப்பிய அட்டையாக இருந்தால் அதற்கு மாற்றும் கிடைக்காது.

இன்று வீடுகளில் அந்த அட்டைகள் இல்லை. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. உங்கள் கைபேசியின் டைப்-சி வேகச் சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். கைபேசியும் சார்ஜரும் பேசி முடித்த பிறகே 9 அல்லது அதற்கு மேல் ஏறும். கேமராவின் எஸ்.டி. அட்டையும் 3.3-இல் தொடங்கி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டும் சமிக்ஞையை 1.8-க்கு இறக்கும். லபக் பலகையை வைத்திருப்பவர் யாரும் இல்லை என்று 2023-இல் லினக்ஸிலிருந்து அந்தக் கோப்பை நீக்கிவிட்டார்கள். பழைய பதிப்புகளில் அது இன்னும் கிடக்கிறது, வாந்தி உறைக் குறிப்போடு.