பழைய மடிக்கணினியின் விலை

வட்டவளையில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, மகளின் பழைய மடிக்கணினியைக் கொடுத்து வேறொன்று வாங்க ஹற்றனுக்குச் செல்கின்றாள் எனக் கொள்ளலாம். கடைக்காரர் அதற்கு 20,000 ரூபா மதிக்கின்றார். அதே வகைக் கணினி அக்கடைத் தட்டில் 40,000 ரூபாவுக்கு இருக்கின்றது. இது பகற்கொள்ளை அன்றோ என்று அவள் எண்ணுவது இயல்பே.

ஆயினும் அவ்விரு விலைக்கும் இடையே பல செலவுகள் மறைந்துள்ளன. பற்றரியை மாற்றவேண்டும், பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுக்கவேண்டும், உத்தரவாதக் காலத்துள் திரும்பி வருபவற்றின் நட்டத்தையும் தாங்கவேண்டும். இவற்றினும் பெரிது ஐயம். தேநீர் சிந்தியதா, வட்டவளையின் ஓயாத மழையீரம் உள்ளே புகுந்ததா என்பதை உடையவள் அறிவாள், வாங்குபவர் அறியார். 1970இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அகர்லொவ், பாவித்த மோட்டார் வண்டிகளைக்கொண்டு இதனை விளக்கினார். நல்லதும் தீயதும் பிரித்தறிய இயலாதவிடத்து வாங்குவோர் குறைத்தே கேட்பர். நல்ல வண்டியுடையோர் விற்க வாரார். சந்தையிற் பழுதானவையே மிஞ்சும். 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். ஆகவே கடைக்காரர் விற்பது கணினியை மட்டுமன்று, நம்பிக்கையையும் ஆகும். உத்தரவாதம் எழுதித் தராதவர் அவ்விலை கேட்பதற்கு நியாயமில்லை.

விலையை அசைக்கும் வேறு காரணங்களும் உள. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 300 டொலர்ப் பொருள் 60,000 ரூபாவிலிருந்து 1,08,000 ரூபாவாயிற்று. புதியது எட்டாதபோது பழையதும் விலையேறும். மாறாக, விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 ஏற்காத பொறிகள், நன்றாக இயங்கினும், மதிப்பிழந்தன. லினக்ஸ் நிறுவத் தெரிந்த மாணவருக்கு அவை இலாபமே.

மாற்றிக்கொள்ளச் செல்பவர், பழையதற்கு எவ்வளவு என்று முதலிற் கேட்பது தவறு. ஒரு கடை 30,000 கழித்து 68,000 ரூபாப் பொருளைத் தரலாம். மற்றொன்று 20,000 மட்டும் கழித்து அதனையே 55,000 ரூபாவுக்குத் தரலாம். தாராளமாகத் தோன்றும் கடையிற் கையிலிருந்து செல்வது 38,000, மற்றதில் 35,000. அந்த 3,000 ரூபா, 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில், இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு.