பாரந்தூக்கியில் வந்து மறையும் மின்பழுது

ஜாம்ஷெட்பூர், பிலாய், ரூர்கேலா முதலிய உருக்காலை நகரங்களிலும், மும்பை, விசாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களிலும் பணிபுரியும் நம்மவர் பலருக்குக் கிரேன் என்னும் பாரந்தூக்கி அன்றாடம் பழகிய ஒன்று. சிலர் அதனை இயக்குகின்றனர். சிலர் அதன் மின்னமைப்பைப் பழுது பார்க்கின்றனர். வேறு சிலர் கீழே நின்று கொக்கியில் சங்கிலி மாட்டுகின்றனர். இம்மூவரையும் ஒருங்கே பாதிக்கும் ஒரு தொல்லையைப் பற்றி இப்போது ஆராய்வோம். வருவதும் மறைவதுமாக இருக்கும் மின்பழுதே அது.

முற்றிலும் கெட்டுப்போன பகுதியைக் கண்டுபிடிப்பது கடினமன்று. எரிந்த மோட்டார் எரிந்தபடியே இருக்கும். அறுந்த கம்பி அறுந்தபடியே கிடக்கும். வந்து மறையும் பழுதோ அப்படியன்று. பாரம் பாதி உயரத்தில் தொங்கும்போது கிரேன் நின்றுவிடுகிறது. மின்பணியாளர் ஏணியேறி மேலே வருவதற்குள் அது மீண்டும் ஓடத் தொடங்குகிறது. அவர் சோதித்துப் பார்த்து, “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது” என்று கூறி இறங்கிவிடுகிறார். இவ்வாறு நான்கைந்து முறை நடந்தபின், இயக்குபவரின் சொல்லுக்கு மதிப்புக் குறைகிறது. அவரும் முறையிடுவதை நிறுத்திவிடுகிறார். பழுதைக் காட்டிலும் ஆபத்தானது இந்த மௌனமே.

ஏன் ஆபத்து என்பதைச் சற்று விளக்குவோம். பாரந்தூக்கியின் பிரேக், மின்சாரம் நின்றவுடன் சுருள்வில்லின் விசையால் தானே இறுகிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. ஆகவே மின்சாரம் அற்றுப்போனால் பாரம் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். ஆனால் காண்டாக்டர் என்னும் மின்காந்தச் சுவிட்சு, தளர்ந்த இணைப்பினால் படபடவென்று அடித்துக்கொண்டேயிருந்தால், ஒவ்வொரு முறையும் பொறி பறந்து அதன் தொடுமுனைகள் உருகுகின்றன. உருகிய முனைகள் ஒருநாள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளவும் கூடும். அப்போது இயக்குபவர் கைப்பிடியை விட்டாலும் மோட்டார் நிற்காது. இன்று கிரேனை நிறுத்துகின்ற பழுது, நாளை அதனை நிற்கவிடாத பழுதாக மாறலாம்.

இத்தகைய பழுதுக்குக் காரணம் உண்டு. அது தோன்றுவதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனை பெரும்பாலும் இடம், வெப்பம், அதிர்வு, ஈரம் ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, இடம். பாரந்தூக்கி ஓரிடத்தில் நிலையாக நிற்கும் இயந்திரமன்று. உச்சியில் உள்ள தண்டவாளத்தின்மீது பாலம் முழுவதும் ஓடுகிறது. பாலத்தின்மீது தள்ளுவண்டி குறுக்கே ஓடுகிறது. ஓடும் பாலத்துக்குப் பக்கவாட்டிலுள்ள மின்கடத்திகளின்மீது தேய்ந்து செல்லும் தொடுகட்டைகள் வழியாகவே பெரும்பாலும் மின்சாரம் வருகிறது. கடத்தியின் இரு துண்டுகள் சேரும் இடம் மேடுபள்ளமாக இருந்தால், தொடுகட்டை அங்கே ஒரு கணம் எழும்பித் தொடர்பை இழக்கும். கிரேன் எப்போதும் ஒரே தூணருகே நிற்கிறது என்றால், குற்றத்தைக் கிரேனில் தேடுவதற்கு முன் அந்தத் தூணருகேயுள்ள கடத்தியில் தேடவேண்டும். தள்ளுவண்டி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குச் செல்லும்போது மட்டும் பழுது தோன்றினால், அதனுடன் மடிந்து விரியும் தொங்குகேபிளைச் சந்தேகிக்கலாம். பல்லாயிரம் முறை வளைந்த கேபிளில், மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியபின், ஒருவர் கேபிளை அங்குலம் அங்குலமாக வளைக்க, மற்றொருவர் மல்டிமீட்டரைக் கவனித்தால் அந்த இடம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெப்பம். காலையில் நன்றாக ஓடி, நண்பகலில் நின்று, ஓய்வுக்குப் பின் மீண்டும் ஓடும் கிரேன் வெப்பத்தையே சுட்டுகிறது. தளர்ந்த திருகு ஒன்றில் 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். அதன் வழியே 50 ஆம்பியர் பாயும்போது 5 வோல்ட் அங்கே வீணாகிறது; 250 வாட் வெப்பம் அந்தச் சிறு திருகில் பிறக்கிறது. ஆனால் பாரமில்லாதபோது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இது புலப்படாது; அக்கருவியின் சோதனைக் கம்பிகளுக்கே ஏறத்தாழ அவ்வளவு தடை உண்டு. எனவே இத்தகைய இணைப்பைப் பாரம் ஏற்றிய நிலையில், அதற்கான பயிற்சி பெற்றவரே அளந்து பார்க்கவேண்டும். இக்காலத்தில் வெப்பத்தைப் படமாகக் காட்டும் காமிராக்கள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. நிறம் மாறிய உறையும் கறுத்த செம்பும் கண்ணுக்கே தெரியும் அடையாளங்கள். கறுத்த கம்பியை வெறுமனே இறுக்கிவிட்டால் போதாது. கெட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதிய முனை பொருத்தவேண்டும்.

மூன்றாவது, அதிர்வு. பாரத்தை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பாலம் குலுங்குகிறது. அதனுடன் மின்பெட்டியும் குலுங்குகிறது. திருகுகள் சிறிது சிறிதாகத் தளர்கின்றன. பெட்டிக் கதவைத் திறந்து அமைதியாகச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதற்குக் காரணம், அப்போது குலுக்கம் இல்லாமையே.

நான்காவது, ஈரம். மழைக்காலத்தில் எல்லைச் சுவிட்சின் பெட்டிக்குள் நீர் இறங்குகிறது. துறைமுகத்தில் உப்புக்காற்றும், உருக்காலையில் மின்சாரத்தைக் கடத்தும் கரித்தூளும் அதனுடன் சேர்கின்றன. விடியற்காலையில் தோன்றும் பழுது, வெயில் ஏறியதும் உலர்ந்து மறைகிறது. 500 வோல்ட் மெகர் கொண்டு காப்புத்தடையைச் சோதித்தால் இது தெரியும். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் ஐயுறுவது பொதுவான வழக்கம். மின்னணுக் கருவிகள் இருப்பின் முன்னதாகவே அவற்றைக் கழற்றிவிடவேண்டும். இன்றேல் சோதனையே அவற்றைக் கெடுத்துவிடும்.

இந்த நான்கோடு மின்னழுத்தக் குறைவையும் நினைவிற் கொள்ளவேண்டும். சாதாரணத் தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை, அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. அழுத்தம் 80 சதவீதமாகக் குறைந்தால் விசை 64 சதவீதமாகிவிடும். பக்கத்தில் பெரிய மோட்டார் ஒன்று தொடங்கும் கணத்தில் மட்டும் நமது கிரேன் திணறுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

இனித் தேடும் முறையைக் காண்போம். முதற் கருவி மல்டிமீட்டர் அன்று, ஒரு குறிப்பேடு. பழுது தோன்றிய நேரம், கிரேன் நின்ற தூணின் எண், தள்ளுவண்டி இருந்த இடம், தூக்கிய பாரம், அப்போது நடந்த இயக்கம், மழையா வெயிலா என்பவற்றை ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும். பத்துக் குறிப்புகள் சேர்ந்தால், அவற்றுள் பொதுவானது எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பாதியாகப் பிரிக்கும் முறை. அவசர நிறுத்தம், எல்லைச் சுவிட்சு, மிகைச்சுமை ரிலே ஆகியவற்றின் தொடுமுனைகள் சங்கிலிபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்துள்ளன. ஒன்று திறந்தாலும் கிரேன் நிற்கும். 16 முனைகள் உள்ள சங்கிலியின் நடுவில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தால், ஐயம் எட்டாகக் குறையும். அடுத்து நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான்கே சோதனைகளில் இடம் கிட்டும். பழுது ஒரு கணமே நீடித்து மறையுமாயின், கண்ணால் பார்த்துப் பயனில்லை. அந்த இடத்தில் பதிவுக் கருவியை இணைத்துவிட்டு, பழுது மறுமுறை வரும்வரை காத்திருக்கவேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. உற்பத்தி தடைப்படுகிறதே என்ற அவசரத்தில், ஐயத்துக்குரிய எல்லைச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஓட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கொக்கி உச்சியில் மோதாமல் காப்பது அந்தச் சுவிட்சே. அதனை நீக்கினால் கிரேன் ஓடும். கொக்கி மேலே மோதிக் கம்பிவடம் அறுந்தால், பாரம் கீழே நிற்பவர் தலைமேல் விழும். பழுது தீரும்வரை கிரேனை நிறுத்திவைப்பதே முறை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், பாரந்தூக்கிகளைத் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகப் பரிசோதிக்கவேண்டும் என்று விதித்தது. ஆண்டுப் பரிசோதனை நடக்கும் நாளில் மறைந்திருக்கும் பழுதை அன்றாடம் இயக்குபவரே அறிவார்.

ஆகவே அவரிடம் பொறுமையாகக் கேட்டறிவது மின்பணியாளரின் கடமை. வெளிமாநிலங்களில் இயக்குபவர் ஒரு மொழியும், பழுது பார்ப்பவர் மற்றொரு மொழியும், கீழே நிற்பவர் வேறொரு மொழியும் பேசுவது இயல்பு. மொழி புரியாமையால் ஒரு முறையீடு தள்ளப்படக்கூடாது. குறிப்பேட்டில் தூணின் எண்ணும், மணியும், பாரத்தின் எடையும் எண்களாகவே எழுதப்பட்டால் மூவரும் அதனைப் படிக்க முடியும். இயக்குபவர் கூண்டில் அத்தகைய ஏடு ஒன்று தொங்குகிறதா என்று நாளை வேலைக்குச் செல்லும்போது பாருங்கள். இல்லையெனில், நாமே ஒன்றைத் தொங்கவிடுவோம்.